ஆமைத் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி

வயரிங்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் போட்ட இணைப்பில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் அவருக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. மனைவி வீட்டிலேயே தைக்கிறவள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உள்ளங்கை அளவு ஆமை. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு அதுதான் பேச்சுத்துணை.

அவள் நச்சரித்ததால்தான் விளக்கு வாங்கப் போனார். வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"சூட்டுக்கு இந்த பல்பு, புற ஊதாக் கதிருக்கு இந்த ட்யூப். ரெண்டும் வேணும் சார்."

"இத்துனூண்டு ஆமைக்கு ரெண்டு லைட்டா? என் வீட்டு ஹால்லயே ஒண்ணுதான்யா எரியுது!"

புலம்பிக்கொண்டே வாங்கிவந்தார். மாட்டும்போது தொழில்புத்தி குறுக்கே வந்தது. திறந்த தண்ணீருக்கு நேர்மேலே கரண்டா? அவர் உயிரோடு இருக்கும்வரை நடக்காது. தொட்டியின் வாய்க்கு அளவெடுத்துக் கண்ணாடி வெட்டி, காற்றுக்கும், கை விட்டு ஆமையை எடுப்பதற்கும் ஓரத்தில் இடம் விட்டு ஒட்டினார். விளக்குகளை அதற்கு மேல் உட்காரவைத்தார். நகைக்கடை ஷோகேஸ் தோற்றது போங்கள்.

நாலாவது மாதம் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க தொட்டுப் பாருங்களேன். ஓடு அமுங்குது."

அமுங்கத்தான் செய்தது. நடு முதுகில் ஒரு பள்ளம். தொட்டிக்குள் சூடு காய வைத்திருந்த கல்மேல் ஏறுவதையும் தின்பதையும் ஆமை விட்டிருந்தது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்பு போலி, வேறென்ன! நேராகக் கடைக்குப் போய் ஒரு பாட்டம் கத்தினார்.

"சார், எப்படி மாட்டியிருக்கீங்கன்னு கொஞ்சம்..."

"மாட்டுறத நீ எனக்குச் சொல்லித் தரியா?"

கடைக்காரர் வேறு ட்யூப் கொடுத்தார். பத்து நாள் கழித்து அதைவிட வீரியமாக இன்னொன்று. மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் சரி. கல்மேல் சூடு முப்பத்திரண்டு டிகிரி, அதுவும் சரி. ஓடு மட்டும் நாளுக்கு நாள் இளகியது.

"எல்லாம் சரியா இருக்கு! இந்தச் சனியனுக்கு என்னதான் வேணுமாம்?"

மனைவி மிஷினை நிறுத்தினாள். "அதத் திட்டாதீங்க."

கடைசியில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா ஆமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தொட்டியின் போட்டோவைக் கேட்டார். வயரிங்காரர் பெருமையாகவே நீட்டினார்.

"லைட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல இது என்ன?"

"கண்ணாடி. ஒரு சேஃப்டிக்கு."

"சூடு வரும், வெளிச்சம் வரும். ஓடு இறுக எந்தக் கதிர் வேணுமோ அது கண்ணாடியத் தாண்டாது. நீங்க எத்தன ட்யூப் மாத்துனாலும் இதுக்கு ஒண்ணுதான். இருட்டுலதான் இருந்திருக்கு."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. பிழைக்குமா என்று மனைவிதான் கேட்டாள்.

"மருந்து தரேன், பாப்போம். பிழைச்சாலும் அந்தப் பள்ளம் நிமிராது."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் பெயர்த்து எறிந்தார். கம்பிவலை போட்டு, விளக்குகளைச் சங்கிலியில் உத்தரத்திலிருந்து இறுக்கித் தொங்கவிட்டார். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

ஒன்பதாம் நாள் ஆமை கல்மேல் ஏறியது. மனைவி நீட்டிய இரையை எட்டிக் கவ்வியது. அவர் குனிந்து பார்த்தார். புது வெளிச்சத்தில் முதுகுப் பள்ளம்தான் முதலில் கண்ணில் பட்டது.

"தப்பு என்னுதுதான்" என்றார். சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. "ஆனா அந்தக் கடைக்காரனாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னாரு."

"எப்ப?"

"போன மாசம். நீங்க கத்திட்டு வந்த மறுநாள் எனக்கு போன் பண்ணாரு. கண்ணாடி கிண்ணாடி போட்டு மூடியிருந்தா எடுத்துடச் சொல்லுங்கம்மான்னாரு." அவள் ஆமையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தடவ உங்ககிட்ட வாயெடுத்தேன். ரெண்டு தடவையும் 'கரண்டப் பத்தி உனக்கென்னடி தெரியும்'னு எரிஞ்சு விழுந்தீங்க. அப்புறம் உங்ககிட்ட பேசவே பயமாயிடுச்சு. இது செத்தாலும் பரவாயில்லன்னு பேசாம இருந்துட்டேங்க."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.