எருது ஓடிய தெருவும் பத்து எம்எம் லென்ஸும்

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் இருந்த எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஒரு சினிமா கேமரா வந்து சேர்ந்தது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. சாவி முடுக்கினால் அரை நிமிஷம் ஓடும், பிறகு மறுபடி முடுக்க வேண்டும். கேமராவில் குறை இல்லை. லென்ஸில்தான் பூஞ்சை பிடித்து உள்ளே சிலந்தி வலை பின்னியதுபோல் இருந்தது. என் கணவர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது தேறாது" என்றார்.

புது லென்ஸ் வாங்குவதற்குள் முதல் வேலை வந்துவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், பொங்கலுக்குப் பிறகு நடக்கும் எருது விடும் விழாவில் தன் காளை ஓடுவதைப் படம் பிடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தவர் அந்தக் காளையைப் பார்த்துக்கொள்ளும் மாட்டுக்காரர். ஸ்டுடியோ பெஞ்சில் நுனியில் உட்கார்ந்து காபி குடித்தார்.

"நல்லா ஓடுமாங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டத்துல அதுக்கு ஈடே இல்லீங்கம்மா."

"ஆளைக் குத்துமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சாரைத் தள்ளியே நிக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

லென்ஸ் வாங்க நானும் என் கணவருமாகப் பெங்களூர் போனோம். இருட்டறை வேலையும் ரீடச்சிங்கும் என்னுடையது என்பதால் கண்ணாடி விஷயத்தில் என்னைக் கேட்காமல் அவர் எதையும் வாங்கமாட்டார். கண்டோன்மென்ட்டில் ஒரு பழைய சாமான் கடை. தூரத்தையும் கிட்டத்தையும் ஒன்றிலேயே காட்டும் ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் அவர் அதை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டார். எங்களால் முடிந்தது, ஒரே தூரத்துக்கென்று செய்த சாதா லென்ஸ்கள்தான். அப்படி மூன்று கிடைத்தன. இருபத்தைந்து எம்எம் லென்ஸ் நம் கண் பார்ப்பதுபோலவே காட்டும், ஆனால் உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தன. எழுபத்தைந்து, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். பத்து, எதிரில் இருக்கும் அத்தனையையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிடும்.

பத்து எம்எம்மைக் கேமராவில் பொருத்தி, கடைக்குள் நின்றபடி தெருவைப் பார்த்தேன். தெருக்கோடியில் ஒரு ஜட்கா வண்டி வந்துகொண்டிருந்தது. வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையின் மூச்சுச் சத்தம் காதில் விழுந்ததும் கண்ணை எடுத்தேன். வண்டி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"இது வேணாங்க. எழுபத்தஞ்சை வாங்கிக்கலாம். தள்ளி நின்னு எடுக்கலாம்" என்றேன்.

"தள்ளி நிக்க அங்க எடம் ஏது? சந்து மாதிரி தெரு. அதைக் கையில பிடிச்சா படம் ஆடித் தொலைக்கும். ஓடற மாட்டுக்கு ஃபோகஸ் திருப்பிக்கிட்டு நிக்க முடியுமா? இதுல எல்லாமே ஷார்ப்பா விழும். கையாட்டமும் தெரியாது."

"மாடு கிட்ட வந்தாலும் தூரமாத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் நீ இருக்கியே. பின்னால நின்னு சட்டையைப் பிடிச்சுக்க. வந்தா இழு."

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. பத்தையே வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து, ஃபிலிம் போடாமல் பழகிப் பார்த்தோம். நான் எதிரிலிருந்து நடந்து வர, அவர் கேமராவுக்குள் பார்த்தபடி "வா, வா, இன்னும் வா" என்றார். நான் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டேன். திடுக்கிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழா அன்று தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு சுவராக நெருக்கி நின்றார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற கொஞ்ச நேரத்துக்குள் விழாக்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"பொம்பளைங்க இங்க நிக்கக் கூடாதும்மா. மேல ஏறுங்க."

"நான் இவருக்கு அசிஸ்டென்ட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "போ, நான் பாத்துக்கறேன்" என்றார் என் கணவர். எதிர்வீட்டு மாடிக்கு என்னை ஏற்றிவிட்டார்கள்.

முதலில் வந்த மாடுகள் கூச்சலுக்குப் பயந்து ஓடின. கொம்பில் பரிசாகக் கட்டிய வண்ணத் தட்டிகளை இளைஞர்கள் பாய்ந்து பாய்ந்து பறித்தார்கள். பண்ணைக்காரரின் கறுப்புக் காளை வந்தபோது யாரும் அருகில் போகவில்லை. அது ஓடவும் இல்லை. தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தது. மாட்டுக்காரர் அதன் காதோரம் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கயிற்றை விட்டார். கூட்டம் சுவருக்குள் புதைந்துவிடுவதுபோல் ஒதுங்கியது. நடுத்தெருவில் என் கணவர் மட்டும் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

அது கிளம்பியது. நான் கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் நகரவில்லை. இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுபோல் கொஞ்சம் முன்னால்கூடச் சாய்ந்தார்.

கயிற்றை விட்ட மாட்டுக்காரர் காளையோடேயே ஓடி வந்திருக்கிறார். கடைசி நொடியில் பக்கவாட்டில் பாய்ந்து என் கணவரைத் தள்ளினார். நெஞ்சுக்கு வந்த கொம்பு இடுப்பில் இறங்கியது. காளை நிற்காமல் போய்விட்டது.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவர் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து, "தூரமாத்தான் இருந்துச்சு" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பெலும்பு கோணலாகக் கூடியது. பல மாதம் படுக்கையில் கிடந்தார். ஃபிலிம் மெட்ராஸில் கழுவி வந்ததும் பண்ணைக்காரர் பார்க்க வந்தார். இரவல் புரொஜெக்டரில் ஸ்டுடியோச் சுவரில் ஓட்டிக் காட்டினேன். தெருக்கோடியில் ஆட்டுக்குட்டி அளவில் ஒரு காளை. ஓடி வருகிறது, வருகிறது, அப்போதும் சின்னதாகவே இருக்கிறது. சட்டென்று சுவர் முழுக்கக் கறுப்பு. அப்புறம் வெறும் வானம்.

"என்னம்மா, எங்கயோ ஓடற மாதிரி இருக்குது? கிட்டப் போயி எடுக்கலயா?" என்றார் அவர்.

நான் ரீலைச் சுற்றினேன். கூட வந்திருந்த மாட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து எடுக்கும் பாஸ்போர்ட் படங்களோடு நிறுத்திக்கொண்டார். சினிமா கேமராவை நான் எடுத்துக்கொண்டேன். பத்து எம்எம்மை விற்றுவிட்டு, தகடு சுத்தம் செய்த ஓர் இருபத்தைந்தை வாங்கிக் கல்யாணங்கள் எடுத்தேன்.

அடுத்த தையிலும் அந்தக் காளை ஓடியது. படம் பிடிக்கப் பெங்களூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்களாம். அவர் என்ன லென்ஸ் வைத்திருந்தார் என்று, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களிடமெல்லாம் என் கணவர் விசாரித்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் தெரியவில்லை.