தாய்மாமன் மடி

கொல்லிமலையில் என் மகளுக்குக் காது குத்திய அன்று, தாய்மாமனான என் அண்ணன் அவளை மடியில் வாங்கக் கை நீட்டினார். அந்தக் கை நடுங்கியது.

"குடிச்சுப்போட்டு வந்தீங்களா? தள்ளிப் போங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். குழந்தையை வேறொருவர் மடியில் வைத்தேன்.

சென்ற மாதம் கோவையில் அவரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, மண்டையைத் திறக்காமலே, நடுக்கம் கிளம்பும் மூளைப்பகுதியில் ஒலி அலைகளைக் குவித்தார்கள். வெளியே வந்ததும் டம்ளர் நிறையத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"அம்மிணி, இனிப் பாப்பாவ எங்கிட்டக் குடுப்பியா?"

அவர் குடிக்க மாட்டார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். எங்கள் அப்பாவின் கையும் அப்படித்தான் நடுங்கும். பரம்பரை வியாதி என்றால் நாளை என் மகளை யார் கட்டுவார்கள் என்றுதான் அந்தப் பழியைப் போட்டேன். அது புரிந்துதான் அண்ணன் அன்று மறுத்துப் பேசாமல் தள்ளி நின்றார்.