உச்சரிப்பு வகுப்பில் மூன்று வாரம்

பெங்களூருக்கு வந்த முதல் வருடமே என் நாக்கில் நோய் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நோயின் பெயர் எம்.டி.ஐ. தாய்மொழியின் தாக்கம் என்பதை மூன்று ஆங்கில எழுத்தில் சுருக்கி, அதற்கு சதவீதமும் போட்டார்கள். எனக்கு எழுபது.

அமெரிக்காவில் ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள், அது கெட்டுப்போனால் கூப்பிடும் கால் சென்டரில் அப்போது வேலை பார்த்தேன். ஒரு பெண்மணியிடம் மாடல் நம்பரைப் படித்துக் காட்டும்போது கடைசி எழுத்தான இஸட்டை, அவர்கள் ஊர் வழக்கப்படி 'ஸீ' என்று சொல்ல நினைத்து, தருமபுரிக்காரி வாயால் 'ஜீ' என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா 'ஜி' என்று எழுதிக்கொண்டு, அதை வைத்தே ஆர்டர் போட்டார். வேறு ஏதோ ஃப்ரிட்ஜுக்கான கதவு ரப்பர் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே என்னை போனிலிருந்து எடுத்து, மூன்று வாரம் உச்சரிப்பு வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

வாத்தியார் பெங்களூரிலேயே மல்லேஸ்வரத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. கடல் தாண்டியதில்லை, பாஸ்போர்ட்டே கிடையாது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீர் பாட்டிலைக் கேட்கும்போதுகூட அமெரிக்கன் மாதிரி 'வாரர்' என்பார். எங்கள் பதினான்கு பேரையும் பல்லுக்கிடையில் பேனாவைக் கவ்விக்கொண்டு செய்தித்தாள் படிக்கச் சொல்வார். எச்சில் ஒழுகும். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்பார், கச்சேரி கேட்பதுபோல. தினமும் பத்து புதிய சொற்கள் வேறு. எவனும் ஃப்ரிட்ஜ் பழுதுக்குப் பயன்படுத்தாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார். நானும் அவற்றை மஞ்சள் நோட்டில் எழுதி, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவேன். அந்த ஆளை எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவு அக்கறையாகப் படித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் ஓர் அக்கா. இதே ஊரில் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வேறோர் இடத்தில் பதினைந்து வருடம் ரிசப்ஷனில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு ஆங்கிலம் வீட்டுப் பாஷை, தெருப் பாஷை. இலக்கணம் அங்கங்கே வழுக்கும். ஆனால் கத்திக்கொண்டே போன் செய்யும் ஆள்கூட ஐந்தாவது நிமிடம் தன் நாயைப் பற்றி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தப் பேச்சை வாத்தியார் 'ஸ்லாங்' என்று ஒதுக்கினார். அவர் சொன்னதால் நானும் அக்காவின் இங்கிலீஷைக் கொஞ்சம் மட்டமாகவே நினைத்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வாத்தியார் ஒரு நாளைக்கு நாற்பது தடவை உச்சரிக்கும் சொல், உச்சரிப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல். அதை அவர் 'ப்ரொனவுன்சியேஷன்' என்று சொல்லிவந்தார். போனில் அகராதியைத் திறந்து, ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி அழுத்திக் கேட்டேன். எல்லா அகராதியும் 'ப்ரனன்சியேஷன்' என்றது. பாடத்தின் பெயரையே அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேன்டீனில் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அக்கா என்னைப்போல் மறைவில் சிரிக்கிற ரகமில்லை. மறுநாள் வகுப்பில், சாதாரணமாக, சார், அந்த வார்த்தையை அப்படியா சொல்வது என்று கேட்டுவிட்டார். வாத்தியாரின் காது சிவந்தது. பணிவில்லாதவர்களுக்கு மொழி வராது என்றார். பிறகு எங்களைப் பார்த்து, இங்கே வேறு யாருக்காவது இந்தச் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். நான் மஞ்சள் நோட்டைப் பார்த்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவும் செய்தேன்.

கடைசிப் பரீட்சையில் நான் பாஸ், அக்கா ஃபெயில். அவரை ஈமெயில் பகுதிக்கு மாற்றினார்கள். பேசத் தெரிந்த ஒரே ஆளை வாயைக் கட்டி உட்கார வைத்தார்கள். ஒரு வாரத்தில் அவர் ராஜினாமா கொடுத்தார். கிளம்பும்போது என்னிடம் கோபப்படவில்லை.

"நீ கரெக்டாதான்மா பார்த்துச் சொன்ன. நான்தான் ஆள் பார்க்காம பேசிட்டேன்."

சர்டிபிகேட்டோடு நான் போனுக்குத் திரும்பினேன். முதல் வாரமே ஒரு கிழவர், ஐஸ்கிரீமெல்லாம் உருகி ஓடுகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். நான் நாக்கை மடித்து, மஞ்சள் நோட்டிலிருந்து, சரிசெய்கிறேன் என்பதற்கு ஒரு முத்தை எடுத்து, "ஐ வில் அமீலியரேட் யுவர் கன்சர்ன், சர்" என்றேன்.  அவர், இங்கிலீஷ் தெரிந்தவர் யாராவது இருந்தால் கொடும்மா என்று மரியாதையாகக் கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. நாம் எப்படிப் பேசினாலும் கேட்பவர் காதில் அமெரிக்கக் குரலாக விழும். எம்.டி.ஐ. சதவீதம், பேனா, பரீட்சை எல்லாம் ஒரே மத்தியானத்தில் குப்பைக்குப் போயின. வகுப்பறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள். வாத்தியாரை அனுப்பவும் மனமில்லாமல், ஹெட்செட் கொடுத்து எங்கள் வரிசையில், என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள்.

அவர் பேச்சு மட்டும் சாஃப்ட்வேருக்குப் பிடிபடவில்லை. அந்தப் போலி அமெரிக்கக் குரலை அது இன்னொரு முறை அமெரிக்கனாக்கப் பார்த்து, குழறிக் கொட்டியது. டீம் லீடர், அவர் வயதில் பாதி இருக்கும் பெண், வந்து நின்றாள்.

"சார், வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. போதும்."

அவர் 'ஹலோ' என்றார். சரியில்லை. இன்னொரு மாதிரி 'ஹலோ' என்றார். மூன்றாவது முறை வேறு மாதிரி. மூன்றுமே அவருடையதாக இல்லை. அன்று மத்தியானம் கேன்டீனில் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நன்றாகவே நடித்தேன், பயிற்சி அப்படி.

மறுநாள் அவர் என்னிடம், கொஞ்ச நேரம் உங்கள் போன் கால்களைக் கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன். இரண்டு நாள், கன்னத்தில் கைவைத்து, நான் தருமபுரி இங்கிலீஷில் ஃப்ரிட்ஜ் கதவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். நான் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. அவர் குறிப்பெடுக்கத் தோதாக வேகத்தைக் குறைக்கவும் இல்லை.