தாழ்ப்பாளைப் பிடுங்கிய ஒரு வரி

போன ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் நடந்தது இது. நான் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவள். அந்த லேபுக்கும் எழுதிக் கொடுத்தது நான்தான்.

அங்கே இரண்டு கம்ப்யூட்டர். வாசல் கவுண்டரில் பெயரும் போன் நம்பரும் பதிவார்கள். உள்ளே ரிசல்ட் ஏறும். இரண்டும் ஒரே ஃபைலில்தான் எழுத வேண்டும். ஒன்று எழுதும்போது மற்றது நுழையாமலிருக்க, பக்கத்தில் 'லாக் ஃபைல்' என்று ஒன்றைப் போட்டு வைக்கும். குளியலறைத் தாழ்ப்பாள் மாதிரி. வேலை முடிந்ததும் அதுவே எடுத்துவிடும். நடுவில் கரண்ட் போனால்தான் வம்பு. உள்ளே ஆளே இருக்காது, தாழ்ப்பாள் மட்டும் போட்டபடி நிற்கும். 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று திரையில் வரும். உடனே எனக்குப் போன் வரும். சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை. எரிச்சல் தாங்காமல் ஒரு வரி சேர்த்தேன்: பத்து நொடி பார், அப்புறமும் லாக் இருந்தால் அழித்துவிட்டு நீ பாட்டுக்கு எழுது, யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. போன் நின்றுபோனது. பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசியில் அன்றைக்கு லேபுக்குப் புதுப் பிரிண்டர் மாட்டப் போயிருந்தேன். உள்ளேயிருந்து டெக்னீஷியன் அக்கா ஒரு ரிப்போர்ட் நகலோடு வந்தார். "ஏட்டி, இந்தப் புள்ளைக்கு பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம்தான் இருந்துச்சு. மெஷின்ல என் கண்ணால பாத்தேன். இதுல ரெண்டு லட்சத்துக்கு மேல காட்டுதே."

நாலு நாள் காய்ச்சலோடு வந்த ஆறு வயதுப் பெண் குழந்தை. பிளேட்லெட் அவ்வளவு இறங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதன் அம்மா ரிப்போர்ட்டை வாங்கி, டாக்டரிடம் காட்டி, அவரும் பயமில்லை என்று சொல்லி, வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புரோகிராம் ஒரு பிழையும் காட்டவில்லையே? அக்கா தப்பாகப் பார்த்திருப்பாரோ? அந்த அம்மாவின் நம்பரைத் திரையில் பார்த்துப் போன் போட்டேன். எடுத்தது சேத்தூர்க்காரர் ஒருவர்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலயே, புள்ளைக்கு எங்க போவேன்?" என்றார். மில்லில் வேலை பார்ப்பவராம். பேர் ஒருவருடையது, நம்பர் இன்னொருவருடையது, ரிசல்ட் யாருடையதென்றே தெரியவில்லை. குழம்பிப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண்தான் சொன்னாள். "காலைல உள்ள டெக்னீஷியன் அக்கா அந்த மில்லு ஆளுக அம்பது பேருக்கு மொத்தமா ரிசல்ட் ஏத்துனாவ. அப்ப என் கம்ப்யூட்டரு செத்த நேரம் நின்னு, பொறவுதான்க்கா ஓடுச்சு."

அப்போதுதான் புரிந்தது. ஐம்பது பேருடைய ரிசல்ட் ஏறப் பத்து நொடி போதாது. உள்ளே ஆள் இருக்கும்போதே என்னுடைய அந்த ஒரு வரி தாழ்ப்பாளைப் பிடுங்கியிருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றின்மேல் ஒன்று எழுதி, எல்லாம் ஒரு வரிசை தள்ளிப் போயிருக்கிறது.

"அந்தப் புள்ளையோட அம்மா போகும்போது மகாராஜபுரம் பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டாவக்கா" என்று அவள் சொன்னதும், இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். பஸ் புறப்படும் நேரம். ஜன்னலோரம் அந்த அம்மா, மடியில் துவண்டு கிடந்த குழந்தை. ரிப்போர்ட் தப்பு, இறங்குங்கள் என்றேன். அவர் என்னையும் கையிலிருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கத் தயங்கினார். கவுண்டர் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல அந்தக் கம்ப்யூட்டருக்கு வாய் இல்லியாம்மா?"

இருந்தது, நான்தான் அடைத்துவிட்டேன். அழுதுவிட்டேன்.

ஐந்து நாள் வார்டில் இருந்து குழந்தை பிழைத்துக்கொண்டது. தப்பு தெரிந்த அன்று சாயங்காலமே அந்த வரியை எடுத்தேன். டெக்னீஷியன் அக்கா, கவுண்டர் பெண், நான் மூவருமாக உட்கார்ந்து அன்றைய ரிப்போர்ட் அத்தனையையும் மெஷினோடு ஒப்பிட்டுத் திருத்தி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னோம். இப்போது லாக் போட்டபடி இருந்தால் புரோகிராம் நின்றுவிடும். உள்ளே யாராவது எழுதுகிறார்களா என்று எழுந்துபோய்ப் பார்க்கச் சொல்லும்.

ஆனாலும், ஒரு குழந்தையின் ரத்தக் கணக்கு ஏறுகிற இடத்தில் 'யாரிடமும் ஒன்றும் சொல்லாதே' என்று எழுத எனக்கு எப்படி மனசு வந்தது என்பது மட்டும் இன்று வரை புரியவில்லை.