ஆறு முயல் குட்டிகளும் ஒரு சந்தேகக்காரனும்

டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்குவது எங்கள் வீட்டில் என் வேலை. குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு மாடுகள் என்று எல்லாம் களிமண் பொம்மைகள். உடையாமலிருக்க, நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் காலண்டர் ஓரங்களை வெட்டித் தள்ளும் காகிதச் சுருளை அள்ளிவந்து இடையிடையே திணித்து வைத்திருப்பேன். இந்த வருடம் பெட்டியைத் திறந்ததும் பழைய மை வாசனை எழுந்தது. மாதாவைத் தேடிச் சுருளுக்குள் கையை விட்டேன். விரலில் மெத்தென்று என்னவோ பட்டது. எலிக்குஞ்சு என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எதைத் தொட்டாலும் முதலில் எலியாக இருக்குமோ என்று நினைக்கிற ஆள் நான். டார்ச் அடித்துப் பார்த்தால், இத்தனை வருடமும் கண்ணில் படாமல் அடியில் கிடந்த ஒரு பிடி வெள்ளை ரோமம்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிடி ரோமத்துக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். போன மாதம் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மகள் ஜெனி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் அவளுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ட்ரிப் ஏற்றி, விடுதிக்குத் திரும்புகிற நிலைக்கு வந்தது வரை எல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். மதுரையில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் மகள் பக்கத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். பயிற்சிக்குப் போகிறவளுக்கு எதற்கு இரண்டு ஃப்ளாஸ்க் என்று நான் கேட்கத்தான் செய்தேன். அதற்கு மேல் தோண்டவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் சரியாக ஏமாந்துவிடுவது என் ராசி. பிறகு ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி மச்சான் போனில், "பிள்ளைக்கு இப்பத் தேவலையா மாப்ளே?" என்று வாய்தவறிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மச்சானுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"அவதான் சொல்ல வேணாம்னா. அப்பா பாத்துப் பாத்தே என்னைய ஒருவழி பண்ணிருவாகன்னா."

அந்தப் பேச்சு இன்னும் எனக்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதை முன்னாலும் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ரோமம்தான் எங்கே என்று சொன்னது.

அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவன். தினசரி காலண்டரில் ராகுகாலமும் எமகண்டமும் கிழமையோடு பொருந்துகிறதா, அமாவாசை ஒருநாள் தள்ளி விழுந்துவிட்டதா என்று ஒவ்வொரு தாளையும் சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம். தப்பு இல்லை என்று நம்பிப் படித்தால் தப்பு கண்ணில் படாது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. பால்காரரை, கேஸ் சிலிண்டரை, ஜெனியின் பள்ளி வேனை, எல்லாவற்றையும் அப்படித்தான் படித்தேன். போதாததற்கு ஊர் வேறு பட்டாசு ஊர். மதியச் சோற்றில் கை வைக்கும்போது எங்கேயாவது சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். வேலைக்குப் போன ஆளுக்கெல்லாம் போன் பறக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளை வளர்க்கிறவன் கொஞ்சம் எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அந்த ரோமத்துக்குக் காரணமான முயல்களை நாங்கள் வாங்கியது இருக்கன்குடிக்குப் போகிற பாதையில். கோயிலுக்குக் கூட்டம் போகிற நாட்களில் அந்த ரோட்டோரம் கூண்டுகளோடு ஒரு வியாபாரி உட்கார்ந்திருப்பார். ஜெனி அப்போது ஏழாம் வகுப்பு. அவள் காட்டிய இரண்டு வெள்ளை முயல்களையும் வியாபாரி காதைப் பிடித்துத் தூக்கி, "ரெண்டும் பொட்ட சார். சண்ட போடாது, குட்டியும் போடாது" என்றார். நான் லேசில் விடவில்லை. வெள்ளை நிறம் சாயமாக இருக்குமோ என்று கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பல்லைப் பார்த்தேன், காதுக்குள் பார்த்தேன். வியாபாரி, "மாடு வாங்க வந்தீகளா சார்?" என்றார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், இரண்டும் பொட்டை என்பதை மட்டும் அப்படியே நம்பினேன்.

ஜெனி அவற்றுக்கு மல்லி, முல்லை என்று பெயர் வைத்தாள். முல்லை கடா என்பது கோடை விடுமுறையில் ஒரு காலை தெரிந்தது. மல்லி தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிய்த்துக் கூண்டின் மூலையில் குவித்திருந்தது. தோல் வியாதி என்று நினைத்து வேப்பெண்ணெய் எடுத்துக்கொண்டு ஓடினேன். ரோமக் குவியல் அசைந்தது. உள்ளே ரோமமில்லாத, கண் திறக்காத, உரித்த சுளை மாதிரி ஆறு குட்டிகள். ஜெனி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். முல்லையைப் பிடித்துக் கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்குள் போட்டு மூடினோம். அதற்குப் பேர் மாற்ற வேண்டுமா என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று ஜெனி சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது. பயந்தால் தாயே குட்டியைத் தின்றுவிடும். மல்லியோ பகலெல்லாம் குட்டிகள் பக்கமே போகாமல் எதிர் மூலையில் படுத்து அகத்திக்கீரை மென்றுகொண்டிருந்தது. பால் கொடுக்கிற மாதிரியே தெரியவில்லை. ஸ்டெல்லா யாரிடமோ விசாரித்து, முயல் விடியற்காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை, சில நிமிஷம்தான் பால் கொடுக்கும் என்றாள். நான் நம்பவில்லை. குட்டிகளில் ஒன்று மற்றதில் பாதிதான் இருந்தது, வயிறு சுருங்கி. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன், மறுபடி எடுப்பேன். அந்த வாரத்தில்தான் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை என்று சாயங்காலம் தகவல் வந்தது. ஆனால் மல்லி பின்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்துவிட்டேன். அதன்பின் வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, மதியம் சாப்பிட வரும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை எண்ணினேன்.

ஒரு நாள் ஐந்துதான் இருந்தது. காணாமல் போனது அந்தச் சின்னக் குட்டி.

முதல் சந்தேகம் அந்தோணி மச்சான் மேல். விருதுநகரில் மிளகாய் மண்டியில் கணக்குப் பார்ப்பவர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் நாங்கள் தும்ம ஆரம்பித்துவிடுவோம். முதல் நாள்தான் வந்து போயிருந்தார். வரும்போதெல்லாம் கூண்டருகே குந்தி, "கண்ணு தொறக்கட்டும் மாப்ளே, அப்புறம் சட்டியில வச்சுப் பாத்துக்கிடலாம்" என்பார். ஜெனிக்கு முகம் சுருங்கும். அவருக்குப் போன் போட்டு, நேற்று பையில் என்ன கொண்டு போனீர்கள் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர், "கட்டவிரல் தண்டி கூட இல்லாதத வச்சு நான் கொழம்பா வைக்கப் போறேன்? மாப்ளே, உங்களுக்கு முத்திருச்சு" என்று வைத்துவிட்டார். யோசித்தால் அதுவும் சரிதான். அவர் பைக்குள் போயிருந்தால் குட்டி தும்மியிருக்கும், எங்களுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்து நான்கானது. இந்தத் தடவை போனதும், மிச்சத்தில் எதைப் பற்றி நான் அதிகமாகக் கவலைப்பட்டேனோ அதே குட்டி. பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவின் பூனையைப் பிடித்து வாயை மோந்து பார்த்தேன். கருவாட்டு வாடைதான் வந்தது. ராசாத்தி அக்கா அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் லாரிக்கு நின்ற பெண்களிடமெல்லாம், "சார் எம் பூனைக்கு முத்தங் குடுக்காக" என்று சொல்லிவிட்டாள். நான் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கூண்டுக்கு மட்டும் பூட்டுப் போட்டுச் சாவியை ஆணியில் மாட்டினேன். பூட்டிய பிறகும் குட்டிகள் குறைந்தன. கடைசியில் மூலையில் வெறும் ரோமம்தான் மிஞ்சியது.

பூட்டிய கூண்டுக்குள் மல்லியைத் தவிர யாருமில்லை. குட்டிகளைப் பறிகொடுத்த தாய் மாதிரியும் அது தெரியவில்லை. நிதானமாகக் கீரை மென்றது. தின்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். வாயைப் பிளந்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன், கையில் கீறியது. ஜெனி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதிர்ச்சியில் பிள்ளை மரத்துவிட்டாள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். பெற்ற குட்டியைத் தின்கிற பிராணியை என் பிள்ளை மடியில் வைத்துக் கொஞ்சுவதா? மச்சானைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மல்லியைக் கொண்டு போய்விடச் சொன்னேன். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "ஞாயித்துக்கெழம வரட்டும்" என்றாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். மச்சான் சாக்குப்பையோடு வந்தார், எல்லோரும் தும்மினோம். ஜெனி ஓடிப்போய்க் கூண்டுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, மல்லியத் தூக்காதீக. தூக்குனா செத்துரும்."

"எது செத்துரும்? இது நல்லாத்தான இருக்கு" என்று மச்சான் அவள் தலைக்கு மேலாகக் கையை விட்டு மல்லியைத் தூக்கினார்.

அப்போதுதான் பார்த்தேன். தொங்கிய பின்னங்காலில், ரோமத்தோடு பின்னிக்கொண்டு, மயில்கழுத்து நிறத்தில் ஒரு காகிதக் கீற்று. கூண்டில் தேங்காய் நார் மட்டும்தான் போட்டிருந்தேன். மை ஆகாது என்று காகிதத்தை அண்டவிட்டதில்லை. அந்த நிறம் எனக்குத் தெரியும். முந்தின வருடத்துக் காலண்டர் ஒன்றின் ஓரம். அதை நான் வேறு எங்கேயும் கொண்டுவந்ததில்லை, குடில் பெட்டிக்குத் தவிர.

மச்சானிடம் மல்லியைக் கூண்டில் விடச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பரணில் குடில் பெட்டி இல்லை. ஜெனியின் கட்டிலுக்கு அடியில் இடையர்களும் மாடுகளும் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பெட்டி. நான் குனிவதற்குள் ஜெனி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்கதான் எடுத்து எடுத்துப் பாக்கீக. நீங்க பாத்தே அது செத்துரும். எத நீங்க ஜாஸ்தி தூக்குனீகளோ அதத்தான் மொதல்ல ஒளிச்சு வச்சேன்."

காலையில் நான் பால் வாங்கப் போகிற நேரத்திலும், சாயங்காலம் நான் குளிக்கிற நேரத்திலும் மல்லியைத் தூக்கி வந்து பால் கொடுக்க வைத்திருக்கிறாள். மல்லி உதைக்காமல் பிடித்துக்கொண்டது ஸ்டெல்லா. சாவியை மாட்டிய ஆணி ஜெனியின் கைக்கு எட்டுகிற ஆணிதான். இதைக் கேட்டுக்கொண்டே ஸ்டெல்லா கதவருகில் வந்து நின்றாள். "காமிச்சிரு. இல்லாட்டி இன்னிக்கு நமக்குச் சோறு கெடையாது" என்றாள்.

ஜெனி முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு பெட்டியின் மூடியை அவளே தூக்கினாள்.

"ஒரு தடவ மட்டும் பாருங்க. எண்ணக் கூடாது."

பார்த்தேன். மயில்கழுத்து நிறச் சுருளுக்கு நடுவே, மல்லியின் ரோமத்துக்குள், ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பூஞ்சை மாதிரி ரோமம் முளைத்திருந்தது. வயிறெல்லாம் உருண்டையாக இருந்தது. எண்ணவில்லை. எண்ணாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் வேலையைச் செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். மச்சான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தும்மல் வராமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். சட்டிப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று எனக்கு அனுமதி கிடைத்தது. கையைப் பின்னால் கட்டியிருக்க வேண்டும்.

கண் திறக்கிற சமயத்தில் அந்தச் சின்னக் குட்டி செத்துப்போனது. பால் குடித்துக்கொண்டுதான் இருந்தது. என்ன காரணமென்று தெரியவில்லை. நான் அச்சகத்துக்குக் கிளம்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெனி இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளேதான் இருந்தாள். அவளைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, இது ஆடவே மாட்டேங்குது. நீங்க பாருங்க."

அவள் ஏந்தியிருந்த கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

மிச்ச ஐந்தும் வளர்ந்து, பெட்டியை விட்டுக் குதித்து, வீட்டில் ஒயர் ஒன்றையும் விட்டுவைக்காமல் கடித்து, பிறகு ஜெனியின் தோழிகள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மல்லியும் இல்லை, முல்லையும் இல்லை. நாங்கள் குடியிருந்த அந்த வீட்டை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். மச்சான் மண்டி வேலையை விட்டுவிட்டார். இப்போது அவர் வந்தால் வந்தது தெரிவதில்லை, யாரும் தும்முவதில்லை. ஜெனி போனில், "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாள். அந்தக் குரலை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். தப்பு எதுவும் கண்ணில் படமாட்டேன் என்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டியிருக்கிறதாம், ஸ்டேஷனில் வைத்து எதுவும் கேட்டுவிட வேண்டாம் என்று ஸ்டெல்லா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

ரோமத்தைச் சுருளுக்குள் திரும்ப வைத்துவிட்டுப் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஆடுகள் சரியாக இருந்தன. மாதா சரியாக இருந்தாள். சூசையப்பர் கையிலிருந்த மரக் கைத்தடியை அந்தக் குட்டிகள் அப்போதே கொறித்துத் தின்றுவிட்டிருந்தன. வருடா வருடம் ஒரு ஈர்க்குச்சியை நறுக்கிச் செருகுவேன். இந்த வருடம் செருகவில்லை. தொழுவத்தின் ஓரத்தில், குழந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, அவரை நிறுத்தினேன். கை மட்டும் எதையோ பிடித்திருப்பது போல மூடியே இருக்கிறது.