செத்தவ கொல்லை

செண்பகம் ஆவாரங்கொம்பைக் கல்லின் மேல் வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். பதமாகத் தட்டினால் பட்டை பாம்புச் சட்டைபோல் முழுசாக உரிந்து வரும். அந்த நாளில் ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பட்டையெல்லாம் தோல் பதனிட ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்குத்தான் போனது. பட்டை வாங்கும் சத்தார் பாயின் வண்டி வந்தால் தெருவே துவர்ப்பாக மணக்கும். இப்போது அந்த வாசனை எங்கே!

அன்று கை பட்டையில் இருந்தாலும் அவள் கண் வரப்பில் இருந்தது. மழையில் மண் இளகியிருந்தது. மறுபடி இறுகுவதற்குள் வேர்க்கடலையைப் பிடுங்கியாக வேண்டும்; விட்டால் காய் மண்ணோடு போகும், வருஷத்துச் சாப்பாடும் போகும். மலையடியிலிருந்து ஆள் கூட்டி வந்த முனியம்மாவோ வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"இது செத்தவ கொல்லையாமே? வழியில சொன்னாங்க. நாங்க புள்ளகுட்டிக்காரிங்க. வேணாம்மா."

"செத்தவ யாருன்னு கேட்டியா?"

"யாரு?"

"நான்தான்."

முனியம்மா பின்னால் நகர்ந்தாள். பட்டைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த சத்தார் சிரித்தார். "பேய் எங்கயாச்சும் பட்டை உரிக்குமாம்மா? எடை கம்மியா போட்டேன்னு நம்மகிட்ட சண்டை வேற!"

நடந்தது இதுதான். வாந்திபேதி வந்த வருஷம், உடம்பு சில்லிட்டு நாடி அகப்படாமல் கிடந்தவளைப் பாடை கட்டித் தூக்கி வந்தார்கள். அந்த நோயில் அப்படித்தான் கிடப்பார்கள், அவசரப்படக் கூடாது. குழியருகே அவள் "தண்ணி" என்றாள். தூக்கியவர்கள் ஓடிவிட்டார்கள். வழியே வந்த சத்தார்தான் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பிழைத்தாள். ஆனால் பாடை ஏறியவள் ஊருக்குள் திரும்பக் கூடாது என்பது வழக்கம். புருஷன் கதவைத் திறக்கவில்லை. அண்ணன் துரைசாமி ஊர் எல்லையில் இருந்த இந்தக் கல்லாங்கொல்லையை விட்டுக்கொடுத்தான். அவள் கல் பொறுக்கினாள், கடலை போட்டாள். ஊர் பேர் வைத்தது.

"பேய்க்குக் கால் தரையில படாது. பாத்துக்கோ," என்று செண்பகம் ஈரமண்ணில் அழுத்தி மிதித்துக் காட்டினாள்.

"அது சரி. உன்கூட ஒக்காந்து யாரு சாப்புடுறாங்க?" என்றாள் முனியம்மா.

அத்தனை வருஷத்தில் ஊர்ப் பெண் ஒருத்திகூடச் செண்பகத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் காலை முனியம்மா அதே பெண்களோடு வந்தாள். இடுப்பில் கூழ்ப்பானை.

"பேயின்னா கூழு குடிக்காது. எங்க, குடி பாப்போம்," என்று சொம்பை நீட்டினாள்.

செண்பகம் பாதி குடித்தாள். மீதியை முனியம்மா வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லையில் இறங்கி முதல் செடியைப் பிடுங்கினாள்.