மூச்சு விடாத மடிக்கணினி

தன் வேலை என்னவென்று யாருக்காவது விளக்கிச் சொல்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். காது கேளாதவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சுற்றி இருப்பவர்கள் பேசப் பேச, அதை அப்படியே மடிக்கணினியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துப் படித்துக்கொள்வார். வகுப்பறை, வங்கி, வக்கீல் அலுவலகம், டாக்டர் அறை, எங்கே கூப்பிட்டாலும் போவாள்.

"அண்ணி, சினிமாவுல கீழ எழுத்து ஓடுமே, அந்த எழுத்தே நீங்கதானா?" என்று கொழுந்தன் ஒருநாள் கேட்டான். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் சப்டைட்டில்.

வேலை பிடித்துத்தான் இருந்தது. விரல்கள் வேகம் பிடித்துவிட்டால் அவளுக்கு இலேசாக ஒரு மயக்கம் வரும். யாரோ ஒருவர் வாயிலிருந்து கிளம்பிய சொல் அவள் காதில் நுழைந்து விரல் வழியாக வெளியேறிவிடும். நடுவில் தான் என்று ஒருத்தி இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். ஓடும் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு மிதப்பது போல இருக்கும் அது.

அந்த மயக்கத்தைக் கலைப்பதற்கென்றே பிறந்தது அவளுடைய மடிக்கணினி. பழசு, முரட்டு கனம். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்க முடியும். அதுகூடப் பரவாயில்லை. கொஞ்சம் சூடானதும் உள்ளே இருக்கிற சின்ன விசிறி சுற்ற ஆரம்பிக்கும் பாருங்கள், மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி. நோயைப் பற்றி டாக்டர் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பார். இது உய்ய்ய் என்று கிளம்பும். எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள், அவளே மூச்சிரைக்கிற மாதிரி.

அதனால் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் அவள் கண்ணை மூடிக்கொண்டு வேறொரு மடிக்கணினியை மனசுக்குள் திறப்பாள். இன்னும் யாரும் செய்யாதது. மடித்தால் கைப்பைக்குள் சீப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். கழுத்தில் போடும் துப்பட்டா அளவுகூடக் கனக்காது. விசை ஒவ்வொன்றும், ரொட்டியின் நடுப்பகுதியை விரலால் அமுக்குவது போல, சத்தமில்லாமல் இறங்கி ஏறும். சூடும் இல்லை, விசிறியும் இல்லை. ஒரு நாள் அதற்கு வெளிர்நீலம் பூசுவாள், இன்னொரு நாள் ஈர மண்ணின் நிறம். சில நாள் நிறம் தீர்மானம் ஆவதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும்.

அந்தக் கனவுக்கு ஓர் ஆள் துணை கிடைத்தது கதைக் கூட்டத்தில்தான்.

நூலகத்தின் மாடி அறையில் சிலர் வாரம் ஒருமுறை கூடிக் கதை சொல்வார்கள். எழுதிப் படிக்கக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அங்கே நன்றாகக் கதை சொல்கிறவர் என்று பெயர் வாங்கியவர் தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். அவருடைய கணவர் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். வீட்டில் ஒன்றிரண்டு வார்த்தையை மனைவியின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார், வேகமாக ஓடும் கதை மட்டும் பிடிபடாது. ஊரே மெச்சுகிற மனைவியின் கதையைத் தான் மட்டும் கேட்டதில்லை என்ற குறை அவருக்கு. அதற்காகத்தான் சப்டைட்டிலைக் கூப்பிட்டார்.

முதல் வாரமே வம்பு வந்தது. கதை உருக்கமான இடத்துக்கு வரும்போது விசிறி கிளம்பிவிட்டது. கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கதை சொல்றவங்களை விட உங்க மிஷின் சத்தமா மூச்சு விடுதே. அதுக்கு ஏதாவது வைத்தியம் பாருங்க."

அவள் கூனிக்குறுகிப் போனாள். மறுவாரம் அவளும் இன்ஜின்காரரும் கதவோரத்து மூலைக்குப் போனார்கள். அங்கிருந்து மனைவியின் முகம் தெரியவில்லை, தூண் மறைத்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் அவர் மட்டும் தனியாகச் சிரிப்பார். அந்தத் தனிச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அவள் இன்னும் வேகமாகத் தட்டப் பார்ப்பாள்.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது அவர் கேட்டார். காது கேளாதவர் அல்லவா, குரல் தெருமுனை வரை போகும்.

"ஏம்மா, முகத்தையும் பார்த்துக்கிட்டு எழுத்தையும் படிக்கிற மாதிரி ஏதும் வழி இல்லையா?"

அவள் படியிலேயே உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, பஸ் ஜன்னலில் கண்ட கனவைத் தட்டிக் காட்டினாள். சின்னதாக, இலேசாக, சத்தமே இல்லாமல் ஒன்று வரும் சார். உங்கள் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அம்மா எதிரிலேயே உட்காரலாம்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரி. ஆனா சுத்தமா சத்தமில்லாம, ஆட்டமில்லாம இருந்தா அது செத்த இன்ஜின்மா. கையில வெச்சா கொஞ்சம் துடிக்கணும். பூனைக்குட்டி வயித்துல கை வெச்சா இருக்குமே, அந்த அளவுக்காவது."

'துடிப்பெல்லாம் கூடாது சார்' என்று தட்டினாள்.

"அட, எனக்காக இலேசா துடிக்கட்டும்மா. வேற யாருக்குக் கேட்கப் போகுது?"

இல்லாத ஒரு பொருளுக்காக இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். கீழே காத்திருந்து பொறுமை இழந்த அவர் மனைவி, "ஏங்க, கடையில கூட வராத சாமானுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? வாங்க, பசிக்குது" என்றார். அவள் அதையும் தட்டிக் காட்டினாள். பழக்கம்.

அப்படியே வாரங்கள் ஓடின. ஒருநாள் வானொலி நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள், அந்த அம்மாளின் கதையை அந்த மாடி அறையிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டுமாம். வந்து பார்த்த ஒலிப்பதிவாளர் கூரை விசிறியை நிறுத்தச் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கடைசியில் அவள் மடிக்கணினி கிளப்பிய சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"இது மட்டும் வேணாம்மா. புண்ணியமா போகும்."

அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. விஷயத்தை இன்ஜின்காரருக்குத் தட்டிக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டார்.

"விசிறி ஏன் சுத்துது? சூட்டுக்கு. சூட்டை நாம வெளியில இருந்தே எடுத்துட்டா அதுக்கு என்ன வேலை? நாங்க கப்பல்ல கடல் தண்ணிய வெச்சுக் குளிர வெப்போம். உன்னோட இன்ஜினுக்கு நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் போதும்."

பதிவு நாளன்று அவர் ஒரு தகரத் தட்டும், உறைய வைத்த ஐஸ் பைகளும், துண்டுகளுமாக வந்து இறங்கினார். "நேரா வெக்கக் கூடாது, வேர்த்து உள்ள ஈரம் இறங்கிடும்" என்று தனக்குத்தானே கத்திப் பேசிக்கொண்டு, துண்டைப் பல மடிப்பாக மடித்து, ஐஸ் பையைச் சுற்றி, அதன்மேல் தகரத் தட்டைக் கவிழ்த்தார். மேலே மடிக்கணினியைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினார். தேவையில்லாததை எல்லாம் அவள் அணைத்து வைத்தாள். ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது. கட்டைவிரலை உயர்த்தினார்.

சத்தம் இல்லை! மூலைக்குப் போக வேண்டியதில்லை. அந்த அம்மாளுக்கு எதிரிலேயே, முட்டிக்கு முட்டி இடிக்காத குறையாக, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். தபால் அலுவலகத்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளம்பெண். கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒருவன், நடுக்கடலில் நின்றுகொண்டு அக்கரைக்குக் கேட்கிற குரலில், "ஒரு ஸ்டாம்ப்!" என்கிறான். மறுநாளும் வருகிறான். அதற்கு மறுநாளும். தினமும் ஒரே ஒரு ஸ்டாம்ப்.

அவள் விரல்கள் வேகம் பிடித்தன. கட்டிடத்துக்கு வெளியே இருந்த உலகம் விலகிப் போனது. குளிர்ந்த தகரத்தின் மணம் இலேசாக வந்தது. சொற்கள் அந்த அம்மாளிடமிருந்து கிளம்பி அவளுக்குள் நீந்தி வந்து திரையில் மிதந்தன. பக்கத்தில் இன்ஜின்காரர் தலையைத் திருப்பக்கூட இல்லை. கண் மட்டும் கீழே இறங்கும், மேலே ஏறும். எழுத்து, முகம். முகம், எழுத்து. பஸ் ஜன்னலில் அவள் கண்டதெல்லாம் இதோ நடந்துகொண்டிருந்தது. எதிர்காலத்திலிருந்து ஒரு மத்தியானத்தைக் கடன் வாங்கி வந்தது போல இருந்தது.

"நானே ஒருநாள் கேட்டுட்டேன்" என்றார் அம்மாள். "இவ்வளவு ஸ்டாம்ப் வாங்கி யாருக்குத்தான் போடுறீங்கன்னு. 'லெட்டர் போட எனக்கு யாருமில்லைங்க. ஸ்டாம்ப் கொடுக்க நீங்க இருக்கீங்களே'ன்னாரு. அதையும் கத்தித்தான் சொன்னாரு. வரிசையில நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க."

அறை குபீரென்று சிரித்தது. அவர் சிரிப்பும் அதோடு சேர்ந்து வெடித்தது. தனியாக இல்லை, பிந்தியும் இல்லை. அவளுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. ஆனாலும் விரல் நிற்கவில்லை.

முடிவுக்கு வரும் நேரத்தில் ஐஸ் உருகிவிட்டது. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்து அவள் பதறுவதற்குள் ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது. ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். முடிவை மட்டும் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்றார்.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இன்ஜின்காரர், "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடி வரை போய் நின்றாள். கையில் இருந்தது கதறிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவர் பல் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அடடா, நீங்க உள்ள இருந்திருக்கணும்மா. அந்தம்மா முடிவையே மாத்திட்டாங்க."

இன்ஜின்காரர் மனைவியைத் துளைத்து எடுத்தார். "என்னதான் சொன்ன? எல்லாரும் என்னையே பார்த்தாங்களே!"

"ரேடியோவுல வரும்போது தெரிஞ்சிக்குங்க" என்று அந்த அம்மாள் உதட்டை நன்றாக அசைத்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

ஒலிபரப்பு நாளில் அவளை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார்கள். சமையலறையை ஒட்டிய சின்ன மேசையில் வானொலிப் பெட்டி. மேசைவிரிப்பில் மாலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. இவளும் அவரும் எதிரே உட்கார்ந்தார்கள். அம்மாள் மட்டும் உட்காரவில்லை. துடைத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டாம்ப் வந்தது, சிரிப்பு வந்தது. பிறகு அந்த முடிவு. அவள் தட்டினாள்.

'கல்யாணமான புதுசுல இவர் என்னை ஒழுங்கா நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் பேசுவேன், இவர் பேப்பரைப் பார்த்துக்கிட்டு உம் கொட்டுவார். இப்ப காது போயிடுச்சு. என்ன பேசினாலும் என் முகத்தையே பார்க்கிறார். உப்பு தீர்ந்துபோச்சுன்னு சொன்னாக்கூட, ஏதோ பெரிய சேதி மாதிரி உத்துப் பார்க்கிறார். பாவம், அவருக்கு அது கஷ்டம்தான். எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷம். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.'

அவர் படித்தார். விரலால் மேலே காட்டினார். அவள் திரையை நகர்த்தினாள், மறுபடி முதலிலிருந்து படித்தார். வானொலியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டவில்லை.

"இந்தா, இங்க வா" என்றார். குரல் வழக்கம்போலத் தெருவுக்கே கேட்டது.

"அடுப்புல வேலை இருக்கு" என்றார் அம்மாள், திரும்பாமலே.

அவள் அதைத் திரையில் தட்டினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. இருவரும் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் சத்தமில்லாமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல் வரைக்கும் அவர் பேசுவது கேட்டது. அதை யாருக்கும் தட்டிக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.